ஈரத் துணியும் ஒரு கருங்காலியும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நானே சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள், அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

சோளிங்கர் மலையடிவாரத்துக் கடை ஒன்றில் கருங்காலி மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அந்த வருடம் யார் கழுத்தைப் பார்த்தாலும் கருப்பு மணியாகத்தான் இருந்தது. என் கழுத்து மட்டும் சும்மா இருப்பது எனக்கே ஒரு குறையாகப் பட்டது. "கெட்டத எல்லாம் தன்கிட்ட இழுத்துக்கும் சார், வைரம் பாய்ஞ்ச கட்ட" என்றார் கடைக்காரர். போட்டுக்கொண்டு படி ஏறினேன். சித்திரை வெயில். பாதி மலையில் கழுத்தைத் துடைத்தபோது கைக்குட்டை கருப்பாக வந்தது. வேறு யாராக இருந்தாலும் மாலையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் என்னைச் சந்தேகப்பட்டேன். இத்தனை வருடத்துப் பாவம் இறங்குகிறது என்று நினைத்தேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டைக் காலர் முழுக்கப் பாவம். நரசிம்மர் முன்னால் நின்று, இவ்வளவா சாமி, என்று மனதுக்குள் கேட்டேன்.

மனைவி அந்தச் சட்டையை இரண்டு நாள் ஊறவைத்துப் பார்த்தாள். "உங்க பாவம் சோப்புக்கும் போகல. நாளைக்கு எந்தச் சட்டைய போட்டுனு போவீங்க?" என்றாள்.

இந்தக் கதையைக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் சொன்னேன். என்னைப் பற்றி நானே கேலியாகப் பேசினால் மற்றவர்களுக்கு அந்த வேலை மிச்சம் என்பது என் கொள்கை. எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தார். குடிக்கிற தண்ணீரில் நனைத்தார். என் கழுத்து மாலையைப் பிடித்து ஒரு மணியின் மேல் பத்துத் தடவை உரசினார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்பிரிட் சாயம். கருப்புகூட இல்ல, உள்ள நீலம் ஜாஸ்தி" என்றார்.

"அப்ப இறங்கின பாவம்லாம், மாஸ்டர்?"

"அது அங்கயேதான் இருக்கும்."

அவர்தான் எங்கள் கலர் மாஸ்டர். அவருக்கு ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ஆம்பூரில் பதனிட்ட தோலுக்கு நிறம் ஏற்றி மெருகு போடும் கம்பெனி அது. நான் சரக்கு அனுப்பும் பிரிவில் கிளார்க். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அளவு தோல் துண்டு ஒன்றை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சாயத்தில் எவ்வளவு, எதற்கு மேல் எது என்று கலந்து கொண்டுவருவது மாஸ்டரின் வேலை. கருப்பு என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோமே, அதில் நாற்பது கருப்பு இருக்கிறது என்பார்கள். அவர் நாற்பதையும் பேர் வைத்துக் கூப்பிடாத குறை.

நிறம் ஏற்றினால் போதாது, நிற்க வேண்டும். மழையில் நனைந்த ஷூ வெள்ளைக் காலுறையில் சாயம் விட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால் ஈரத் துணியை வைத்து உரசிப் பார்ப்பார்கள். அதற்கென்று மெஷினே இருக்கிறது. அது வருவதற்கு முன்னால் மாஸ்டரின் கைதான் மெஷின். மெஷின் வந்த பிறகு ஒரு வித்தியாசம் தெரிந்தது. தோலை மட்டும்தான் உரச வேண்டும் என்று மெஷினுக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டருக்குத் தெரியவில்லை.

அவர் உரசாத பொருள் இல்லை. டீக்கடையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பெஞ்ச், கட்சிக்கொடி, சுவரில் மாட்டிய காலண்டரில் இருக்கும் முருகனின் மயில், முதலாளி வாங்கிய புதுக் காரின் சீட். துணியை நனைப்பார், பத்துத் தடவை உரசுவார், வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு ஒரு வார்த்தை. "நிக்கும்" அல்லது "நிக்காது." நான் பக்கத்தில் இருந்தபோதெல்லாம் நிக்காதுதான். சில நாட்களில் அன்றைக்கு அவர் பேசிய மொத்தப் பேச்சே அதுவாகத்தான் இருக்கும்.

கேட்டில் உட்காரும் செக்யூரிட்டி பாய், ரம்ஜானுக்குப் புதுத் தோல் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார். மாஸ்டர் சைகையால் நிறுத்தி, குனிந்து, உரசினார். "நிக்காது." பாய் அன்று முழுக்க உர்ரென்று இருந்தார். "பெருநாள் அதுவுமா பேஜார் பண்ட்டாரு. பொய்யாச்சும் நல்லா இருக்குன்னு சொன்னா இன்னா, கம்மியா ஆயிடுவாரு?" என்று என்னிடம் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். மாஸ்டர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு கதை சொன்னேன். பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனாரின் மீசை மை போட்டதா என்று சந்தேகம் வந்து ஈரத் துணியோடு எழுந்துவிட்டார், அதோடு சம்பந்தம் முறிந்தது, என்று. முழுக்க நான் கட்டியது. மூன்று நாளில் அது ஸ்ப்ரே செக்‌ஷன் வரை போய், கூடுதல் விவரங்களோடு என்னிடமே திரும்பி வந்தது. அப்போது நானே கொஞ்சம் நம்பினேன்.

பாயால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இன்னா மாஸ்டர், மாமனார் மீசைய உரசினீங்களாமே?"

மாஸ்டர் நின்று யோசித்தார். "யாரு மாமனாரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கோபம் இல்லை. உண்மையிலேயே யாராவது இருந்தார்களா என்று யோசித்த மாதிரி இருந்தது. அந்தக் கதையை அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை.

மாலையை உரசிய அன்று சாயந்திரம், வண்டி எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"அசலு பாக்கணுமா?"

"எதோட அசலு, மாஸ்டர்?"

"கருங்காலி. ஞாயித்துக்கெழம வா."

பாய்க்குத் தாங்கவில்லை. "ஏழு வருஷமா சலாம் வெக்கிறேன்ப்பா, ஒரு நாளும் வூட்டுக்கு வான்னு சொல்லல. உன்ன கூப்டாரா? உன்னயா?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

ஊரைத் தாண்டி, பாலாற்றங்கரைப் பக்கம் தனியாக இருந்தது வீடு. ஒரே அறை, மேலே ஷீட். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என்னை அதில் உட்காரவைத்து அவர் நின்றார். டீ போட்டார். டம்ளரும் ஒன்றுதான் இருந்தது. நான் குடித்து முடிக்கும் வரை சுவரில் சாய்ந்து நின்று, பிறகு அதைக் கழுவி, அதிலேயே தனக்கு ஊற்றிக்கொண்டார். அதை அவர் ஒரு சங்கடமாக நினைத்த மாதிரி தெரியவில்லை. ஒரு மனிதனுக்கு எத்தனை வாய், ஒரு டம்ளர்தானே, என்பது போல இருந்தது. நான்தான் அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

பின்பக்கம் கூட்டிப்போனார். நான் கருப்பாக ஒரு மரத்தைத் தேடினேன்.

"எங்க மாஸ்டர்?"

"முன்னாடிதான் நிக்குது."

பச்சையாக இருந்தது. அதுதான் எனக்கு முதல் ஏமாற்றம். ஷீட்டுக்கு மேலே ஓர் ஆள் உயரம் போயிருந்தது. அடிமரம் என் தொடை அளவு. என் தொடையைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் பெரிய அளவல்ல என்று தெரியும். இலைகள் மட்டும் அப்போதுதான் எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கின. சுற்றிலும் ஒன்றுமில்லை. புழுதி மூடிய வேலிக்காத்தான் புதர், வெள்ளையாக உப்புப் பூத்த மண், அதற்கு அப்பால் மணல் போன ஆறு. கத்திரி வெயிலில் அந்தப் பக்கத்தில் பச்சை என்று இருந்தது அது ஒன்றுதான்.

"எப்பவும் இப்படித்தான். மொத்தமா எல கொட்டி மொட்டையா நின்னது கெடையாது" என்றார்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது என்றார். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவுதானா என்று கேட்டேன். மெதுவாகத்தான் வரும், காட்டிலேயே இப்போது தேட வேண்டியிருக்கிறது, வெட்டுகிற வேகத்துக்கு அதற்கு வளரத் தெரியாது என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்த இடத்து போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. எங்கள் மாதிரிக் கம்பெனிகள் பல வருடம் வெளியே விட்டது மண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தினமும் ஊர்க் குழாயில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் பிடித்து மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். முதல் கேன் மரத்துக்கு. இரண்டாவதில் அவர் சமைத்து, குடித்து, மிச்சம் இருந்தால் அதுவும் மரத்துக்கு.

உள்ளே போய் ஒரு பொருளைக் கொண்டுவந்தார். தறியில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நூலை இழுத்துக்கொண்டு ஓடுமே, நாடா, அது. கருப்பு. வாங்கியபோது என் கை தாழ்ந்தது, அவ்வளவு கனம். குடியாத்தத்தில் அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக லுங்கித் தறி. அவருடைய தாத்தா காலத்து நாடா, கருங்காலியில் செய்தது. துணியை நனைத்து அவரே உரசிக் காட்டினார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

"நிக்கும்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வீட்ல இருந்து எடுத்தாந்தது இது ஒண்ணுதான்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். பவர்லூம் போட்ட புதிதில் அண்ணன் பெரிய ஆர்டர் ஒன்று பிடித்திருந்தார். வியாபாரி இவர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து லுங்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மாஸ்டர், தண்ணீர்ச் சொம்பில் விரலை நனைத்து லுங்கியின் சிவப்புக் கரையை உரசினார். விரல் சிவந்தது.

"வியாபாரி கேட்டாரு, நிக்குமாப்பா. நிக்காதுன்னேன்."

"உங்க வீட்டு லுங்கியயா?"

"சாயம் நிக்கலையே."

"அப்புறம்?"

"அண்ணன் பேசல."

"எத்தினி நாளு?"

அவர் மரத்தைக் காட்டினார். "இது வெச்ச வருஷம்."

எனக்குச் சிரிப்பு மூட்ட எதுவும் வாயில் வரவில்லை. வராவிட்டாலும் நான் விடுவேனா? "அப்ப இந்த மரமும் உள்ள இப்படித்தான் கருப்பா இருக்குமா?" என்று கேட்டேன்.

"வைரம் பாய்ஞ்சிருந்தா."

"பாய்ஞ்சிருக்கா?"

"வெட்டினாத்தான் தெரியும். வெளிய பாத்தா வெளுப்பாத்தான் இருக்கும்."

"கருங்காலிதானான்னாவது தெரியுமா? யாரு குடுத்தது?"

"ஜவ்வாது மலைக்காரர் ஒருத்தர், சந்தையில. கருங்காலின்னாரு. வாங்கினேன்."

"உரசிப் பாக்காமயா?"

"ஒரு சாண் செடிய இன்னான்னு உரசறது?"

"இப்ப ஒரு கிளைய லேசா சீவிப் பாத்தா..."

அவர் என்னைப் பார்த்தார். உலகத்தையே ஈரத் துணியால் துடைத்துப் பார்த்த மனிதர். "இதுக்கு டெஸ்ட் கெடையாது" என்றார்.

கிளம்பும்போது மரத்தில் கை வைத்துக்கொண்டு நான் ஒரு செல்ஃபி எடுத்தேன். அன்று சாயந்திரமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'அசல் கருங்காலி! நம்ம மாஸ்டர் வீட்டுப் பின்பக்கம், பாலாற்றங்கரை. போலிகளைக் கண்டு ஏமாறாதீர், என்னைப் போல.' என் எழுத்துத் திறமையை நானே மூன்று தடவை படித்து ரசித்தேன்.

மறுநாளிலிருந்து ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். முதலில் கம்பெனி ஆட்கள். ஒரு சுள்ளி கிடைத்தால் பூஜை அறையில் வைக்கலாம் என்று. பிறகு அவர்களுடைய மச்சான்கள். நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு குடும்பம் கார் வைத்துக்கொண்டு வந்து மரத்தைச் சுற்றியது. ஒரு ஜோசியர் இலையை முகர்ந்து பார்த்து, நட்சத்திரம் கேட்டாராம். மாஸ்டர் யாருக்கும் ஒரு குச்சி கொடுக்கவில்லை. தரையில் விழுந்த இலையைக் கேட்டவர்களுக்கு அதைக் கொடுத்தார். எனக்குப் பயமாக இருந்தது, திட்டுவாரோ என்று. மூன்று வாரம் கழித்துத் தைரியம் வந்து ஒரு சாயந்திரம் போனேன்.

நாற்காலி நான்கு இருந்தது. மூன்று புதிது, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அலமாரியில் டம்ளர் ஆறு.

"இன்னா மாஸ்டர், ஓட்டல் வெக்கப் போறீங்களா?"

"வர்றவங்க நிக்கிறாங்க" என்றார். அன்றைக்கு அவர் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

நான் நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டில் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "நீங்க ஆரம்பிச்ச எது நல்லபடியா முடிஞ்சிருக்கு?" என்றாள். காய் நறுக்கிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆடி மாதம் ஒரு சரக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. கடைசி லாட்டில் நிறம் ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டருக்கு போன் போட்டது நான்தான். மொபெட்டில் தண்ணீர்க் கேனோடு நேராக வந்தார். மரத்துக்குப் போக வேண்டிய கேன் எங்கள் ஷெட்டில் நின்றது. காலையிலிருந்து சாயந்திரம் வரை கலந்தார், உரசினார், கலந்தார். மதியம் அவர் ஒரு தோலைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். 'ஞாயிறு என்றும் பாராமல் கம்பெனியில் மாஸ்டர். கருங்காலிக்கு இன்று லீவு.' நிறையப் பேர் சிரிக்கிற முகம் அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை கேட்டில் பாய் என்னை நிறுத்தினார். "மாஸ்டர் வூட்டு மரம் போச்சு, தெரியுமா?"

"எங்க போச்சு?"

"அறுத்துனு போய்ட்டாங்கப்பா. நேத்து பட்டப்பகல்ல. ரம்பம் வெச்சு, டாடா ஏஸ்ல ஏத்திக்கினு. தூரத்துல ஆடு மேய்ச்ச பொம்பள பாத்துச்சாம், மாஸ்டரே வித்துட்டாரு போலன்னு நெனச்சுதாம்."

மாஸ்டர் உள்ளே வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தேன். ஸ்டேட்டஸை அழிக்கலாம் என்று. அது இன்னும் ஒரு மணி நேரத்தில் தானாகவே போய்விடும் நிலையில் இருந்தது. யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். பாதிப் பேர் எனக்கு யாரென்றே தெரியவில்லை. சரக்கு ஏற்ற வந்த டிரைவர்கள், எப்போதோ நம்பர் வாங்கிய புரோக்கர்கள், அவர்களுடைய ஆட்கள். எல்லாருக்கும் நான் வேடிக்கை காட்டியிருக்கிறேன். திருடியவர்கள் அதைப் பார்த்துத்தான் வந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பட்டியலும் மறைந்துவிட்டது. மாஸ்டர் போலீசுக்குப் போகவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வருடம் கம்பெனியை விட்டும் போய்விட்டார். எங்கே என்று கேட்டுவைத்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. பாய் குடியாத்தம் என்றார். இருக்காது என்று நினைக்கிறேன்.

மரம் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். அதில் இரண்டு ஜோக்கும் இருந்தது.

நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து எனக்குப் போட்டார். இன்னொன்றை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு டம்ளரில் டீ வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் குடித்தோம். பின்கதவு திறந்திருந்தது. மரம் இருந்த இடத்தில் வானம் ஜாஸ்தியாக இருந்தது. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நின்றது. மறுபடி துளிர்க்கட்டும் என்று அதன் தலையில் சாணி அப்பி, ஈரச் சாக்கைப் போர்த்தி, சணலால் கட்டியிருந்தார். பக்கத்தில் தண்ணீர்க் கேன்.

"மாஸ்டர், அன்னிக்கு நீங்க கம்பெனியில இருக்கீங்கன்னு போன்ல போட்டது நான்தான்."

"தெரியும். பாய் காட்டினாரு."

"திட்டுங்க மாஸ்டர்."

டீயைக் குடித்தார். என் டம்ளரில் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். தயார் செய்துகொண்டு வந்ததில் எனக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. சும்மா இருக்கவும் தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மாஸ்டர். உள்ள கருப்பு இருந்துச்சா?"

"பாக்கல."